மாயாவின் மெடல் பட்டியல்

எங்கள் வீட்டில் நோட்டுக்கு அட்டை போடப் பிரவுன் தாள் வாங்கியதே கிடையாது. மாமா சோவியத் நாடு பத்திரிகைக்குச் சந்தா கட்டியிருந்தார், படிக்கிறாரோ இல்லையோ, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பழைய இதழ்களெல்லாம் எங்களுக்கு வந்துவிடும். நல்ல கனமான வழவழப்புத் தாள், ஒரு வருஷம் கிழியாது. கணக்கு நோட்டில் டிராக்டர், வரலாறு நோட்டில் அணைக்கட்டு, அறிவியல் நோட்டில் மட்டும் வெள்ளைப் பாவாடையைத் தட்டு மாதிரி விரித்துக்கொண்டு கால்விரல் நுனியில் நிற்கிற ஒரு பெண். பெயர் போட்டிருந்த வரி மடிப்புக்குள் போய்விட்டது. வகுப்பில் போரடித்தால் அந்தக் கால் எப்படி வலிக்காமல் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

அது யார் படம் என்று இன்று வரை தெரியாது. ஆனால் போன மாதம் தூக்கம் வராத ஒரு ராத்திரி, யூடியூபில் எங்கெங்கோ போய் ‘சாகும் அன்னம்’ என்ற பாலேயின் பழைய கறுப்பு வெள்ளைப் பதிவு ஒன்றில் வந்து நின்றபோது அந்த அறிவியல் நோட்டுதான் ஞாபகம் வந்தது. ஆடுகிறவர் மாயா பிளிசெட்ஸ்கயா, சோவியத் காலத்துப் பெரிய பாலே நட்சத்திரம். மூன்று நிமிஷம் கூட இருக்காது. முதல் தடவை பார்த்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன், அப்புறம் ஒலியை அணைத்துவிட்டு ஒரு தடவை, அப்புறம் கைகளை மட்டும் ஒரு தடவை.

கைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேடைக்கு வரும்போதே நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறார். கால்கள் பொடி அடிகளாக, தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக் குத்திப் போகின்றன, ஆனால் இடுப்புக்கு மேலே அந்தப் படபடப்பு கொஞ்சமும் தெரியவில்லை, தண்ணீரில் மிதந்து வருவது போல உடம்பு நழுவி வருகிறது. கைகளின் அலை தோள்பட்டையில், இல்லை, அதற்கும் கீழே முதுகில் எங்கோ தொடங்கி, முழங்கைக்கு வந்து, மணிக்கட்டில் ஒரு நொடி தங்கி, விரல் நுனி வழியாக வெளியே போகிறது. அது போய் முடிவதற்குள் அடுத்த அலை தோளில் கிளம்பிவிடுகிறது. முழங்கையில் எலும்பு என்று ஒன்று இருக்கிறதா என்று சந்தேகம் வந்து என் கையை மடக்கிப் பார்த்தேன். இசை சேன் சான்ஸ், நடனம் அமைத்தவர் ஃபோக்கின், முதலில் ஆடியவர் அன்னா பாவ்லவா, இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில். மாயா இதை ஆட ஆரம்பித்தது 1942ல், போர்க்காலத்தில், மாஸ்கோவை விட்டு ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தபோது. சித்தி சுலமித் மாயாவுக்காக அமைத்துக் கொடுத்தார். அப்போது மாயாவுக்குப் பதினாறு வயது. எழுபதைத் தொடும் வரை அதே அன்னத்தை ஆடியிருக்கிறார்.

சரி, யார் இவர் என்று தேடினால் முதலில் வந்து விழுவது விருதுகள். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா சித்தப்பா பெயர்கள் நிற்கிற மாதிரி அப்படி ஒரு வரிசை. 1959ல் சோவியத் யூனியனின் மக்கள் கலைஞர். 1962ல் பாரிஸில் அன்னா பாவ்லவா பரிசு. 1964ல் லெனின் பரிசு. ஆர்டர் ஆஃப் லெனின் ஒன்றல்ல, மூன்று. 1985ல் சோஷலிச உழைப்பு வீரர், அதே வருஷம் சொர்போன் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர். பிரான்ஸின் லெஜியன் ஆஃப் ஹானர். யூனியன் கலைந்த பிறகு ரஷ்யா தன் பங்குக்கு, ‘தாய்நாட்டுக்கு ஆற்றிய சேவைக்கு’ என்ற விருதின் நான்கு வகுப்புகளையும் கொடுத்துத் தீர்த்துவிட்டது. 2005ல் ஸ்பெயினின் ஆஸ்துரியாஸ் இளவரசர் விருது, 2006ல் ஜப்பானின் பிரேமியம் இம்பீரியாலே. பூமியில் இடம் போதாமல் ஒரு சிறுகோளுக்கும் இவர் பெயர், எண் 4626.

பட்டியல் என்னவோ பிரமாதம்தான். ஆனால் எனக்கு அது பாதிதான் என்று பட்டது. பக்கத்தில் இன்னொரு தேதி வரிசையை எழுதி வைத்துக்கொண்டு படித்தால்தான் அந்த மெடல்களுக்கு என்ன எடை என்று தெரிகிறது.

அப்பா மிகயில் பிளிசெட்ஸ்கி. வட துருவத்துக்குப் பக்கத்தில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் சோவியத்தின் நிலக்கரிச் சுரங்கத்துக்குத் தலைவர், அங்கே சோவியத் கான்சலும் அவர்தான். மாயா சின்ன வயதில் அந்தப் பனித்தீவில் சில காலம் இருந்திருக்கிறார். அம்மா ராகில், மௌனப்பட நடிகை. அம்மாவின் தம்பி அசாஃப் மெஸரெர், தங்கை சுலமித் மெஸரெர், இரண்டு பேரும் மாஸ்கோவின் புகழ்பெற்ற பாலே அரங்கமான பல்ஷோய் தியேட்டரில் பெரிய ஆட்டக்காரர்கள். ஆக, மாயா எட்டு வயதில் பாலே பள்ளியில் சேர்ந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அப்பா செய்த ஒரு காரியம், தெரிந்த ஒருவருக்கு வேலை போட்டுக் கொடுத்தது. அந்த ஆள், பிக்கெல் என்று பெயர், முன்பு ஸ்டாலினோடு மோதிய கட்சித் தலைவர் ஸினோவியெவுக்குச் செயலாளராக இருந்தவர். 1936ல் ஸினோவியெவையும் பிக்கெலையும் ஸ்டாலின் ஆட்சி சுட்டுக் கொன்றது. 1937 மே தினத்துக்கு முந்தின நாள், விடிகாலையில் அப்பாவைத் தேடி ஆட்கள் வந்தார்கள். 1938 ஜனவரி 8ம் தேதி அவரையும் சுட்டார்கள். அந்தத் தேதி குடும்பத்துக்குத் தெரிய வந்ததே பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான்.

அப்பாவைச் சுட்ட இரண்டு மாதத்தில் அம்மாவையும் கொண்டுபோனார்கள். குற்றம், அப்பாவுக்கு மனைவியாக இருந்தது. கைக்குழந்தை அசாரியோடு கஜகஸ்தானில், ‘துரோகிகளின் மனைவிகளுக்கு’ என்றே கட்டிய முகாமுக்கு அனுப்பினார்கள். போகிற வழியில் அவர் ரயிலிலிருந்து ஒரு சீட்டை எழுதி வெளியே எறிந்திருக்கிறார், அதை யாரோ ஒரு பெண் எடுத்து, விலாசம் பார்த்து, சுலமித்துக்குச் சேர்த்திருக்கிறார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு சீட்டைக் கையில் வைத்திருப்பதே வம்பு, அந்தப் பெண்ணுக்கு என்ன தைரியம் பாருங்கள். மாயாவிடம் சொன்னது, அம்மா அப்பாவைப் பார்க்க ஸ்பிட்ஸ்பெர்கன் போயிருக்கிறார் என்று. மாயாவை அநாதை விடுதிக்கு அழைத்துப் போக அதிகாரிகள் வந்தபோது சித்தி விடவில்லை. சண்டை போட்டு, கடைசியில் சட்டப்படி தத்து எடுத்துக்கொண்டார். தம்பி அலெக்ஸாந்தரை மாமா அசாஃப் வைத்துக்கொண்டார். சித்தி மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் பயந்திருந்தால் எண் 4626க்கு வேறு யார் பெயரையாவது வைத்திருப்பார்கள்.

1943ல் பல்ஷோயில் சேர்ந்தார். 1947ல் முதல் ‘ஸ்வான் லேக்’. அதற்கப்புறம் முப்பது வருஷம், எண்ணூறு தடவைக்கு மேல், அதே கதையில் வெள்ளை அன்னமாகவும் கறுப்பு அன்னமாகவும் ஆடியிருக்கிறார். எந்த நாட்டுத் தலைவர் மாஸ்கோவுக்கு வந்தாலும் கொண்டுபோய் உட்கார வைப்பது பல்ஷோயில், பெரும்பாலும் ‘ஸ்வான் லேக்’. ஸ்டாலினுக்குப் பின் ஆட்சிக்கு வந்து, கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்த க்ருஷ்சேவுக்கு ஒரு கட்டத்தில் குமட்டிக்கொண்டு வந்ததாம், ராத்திரி கனவிலும் வெள்ளைப் பாவாடைகள்தானாம், அதை அவரே தன்னிடம் சொல்லிப் புலம்பியதாக மாயா தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1949 டிசம்பரில் ஸ்டாலினின் எழுபதாவது பிறந்தநாளுக்கு கிரெம்ளினில் கச்சேரி, விருந்தாளி மாவோ, ஆடியவர்களில் மாயாவும் ஒருவர். அப்பாவைக் கொன்றவரின் பிறந்தநாளுக்கு. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று இப்போது செல்போனைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிற எனக்குத் தோன்றியது, அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது.

1953 கடைசியில் இந்தியாவுக்கு வந்த சோவியத் கலைக்குழுவில் இவரும் இருந்தார். அதற்கப்புறம் கதவைச் சாத்திவிட்டார்கள். குழு மேற்கே போகும், இவர் பெயர் மட்டும் பட்டியலில் இருக்காது. காரணம் யாரும் சொல்ல மாட்டார்கள். வெளியே காரில் கேஜிபி ஆட்கள், போகிற இடமெல்லாம் பின்னாலேயே. 1956 அக்டோபரில் பல்ஷோய் முதல் தடவையாக லண்டன் போனது, அப்போதைய முதல் நட்சத்திரம் உலானவா போனார், உலகப் பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. மாயா மாஸ்கோவில். அப்போது அவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. லண்டன் போகாமல் மிச்சமிருந்த ஆட்களை வைத்துக்கொண்டு அதே பல்ஷோய் மேடையில் ‘ஸ்வான் லேக்’ ஆடினார். ஊரே திரண்டு வந்தது. கைதட்டக் கூடாது, அமைதியாகப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று மேலிடத்துக்கு ஆசை, பால்கனி இருக்கைகளில் ஆட்களைப் போட்டு வைத்திருந்தார்கள், ரொம்பத் தட்டியவர்களை இழுத்துக்கொண்டுகூடப் போனார்கள். ஆனால் அவர் மேடைக்கு வந்ததுமே தொடங்கிய கைதட்டல் அடங்கவில்லையாம். ஒரு தியேட்டரில் கை தட்டுவதே அரசாங்கத்துக்குச் சொல்கிற பதிலாக ஆன ராத்திரி அது. இது எந்த விருதுப் பட்டியலிலும் இல்லை, இருக்கவும் இருக்காது.

1958ல் இசையமைப்பாளர் ரொதியோன் ஷெத்ரினைக் கல்யாணம் செய்துகொண்டார். க்ருஷ்சேவுக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதினார். 1959ல் அமெரிக்கா போக அனுமதி கிடைத்தது. ஷெத்ரினை மாஸ்கோவிலேயே நிறுத்திக்கொண்டார்கள், ஆள் திரும்பி வர ஒரு பிணை மாதிரி. திரும்பி வந்தார். என்னை முட்டாளாக்காமல் வந்து சேர்ந்தாயே, நல்ல பெண் என்கிற தொனியில் க்ருஷ்சேவ் அவரைக் கட்டிக்கொண்டாராம். மக்கள் கலைஞர் பட்டம் வந்த வருஷமும் 1959தான் என்பதை இதோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் உலானவா ஓய்வு பெற்றார், பல்ஷோயின் முதல் இடம் மாயாவுக்கு வந்தது. அமெரிக்காவில் பிற்பாடு ராபர்ட் கென்னடி நண்பரானார். இரண்டு பேரும் பிறந்தது ஒரே நாளில், 1925 நவம்பர் 20. ஜாதகம் பார்க்கிற என் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன், ஊர் வேறே, லக்னம் வேறே என்று முடித்துவிட்டார்.

லெனின் பரிசு வாங்கி மூன்று வருஷம் கழித்து ‘கார்மென்’ வந்தது. இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. அன்னம், இளவரசி, தூங்கும் அழகி என்றே ஆடி அலுத்துப்போய், தனக்கென்று ஒரு கார்மென் வேண்டும் என்று பல வருஷமாக மாயாவுக்கு ஏக்கம். இசை எழுதித் தரச்சொல்லி இசையமைப்பாளர் ஷொஸ்தாகோவிச்சைக் கேட்டார். பிஸேயின் ‘கார்மென்’ ஆபரா எல்லார் காதிலும் ஊறிப்போயிருக்கிறது, அதற்கு மேல் நான் எதைப் போட்டாலும் ஏமாற்றமாகத்தான் இருக்கும் என்று அவர் நழுவிவிட்டார். கச்சத்துரியானும் செய்யவில்லை. அந்தச் சமயம் கியூபாவிலிருந்து ஒரு குழு மாஸ்கோவுக்கு வந்தது, நடனம் அமைத்தவர் அல்பெர்த்தோ அலோன்சோ. பார்த்துவிட்டு நேராக மேடைக்குப் பின்னால் போய், எனக்குக் கார்மென் அமைத்துத் தருவீர்களா என்று கேட்டார். அலோன்சோவின் விசாவில் நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன, இசை இன்னும் இல்லை. கடைசியில் வீட்டுக்காரரே உட்கார்ந்தார். ஷெத்ரின் பிஸேயின் மெட்டுகளை எடுத்து, காற்று வாத்தியங்களை மொத்தமாகத் தூக்கிவிட்டு, தந்தி வாத்தியங்களும் தாள வாத்தியங்களும் மட்டும் வைத்துப் புதிதாக எழுதினார். கேட்டுப் பாருங்கள், தெரிந்த மெட்டு ஒன்று கிளம்பும், நாம் மனசுக்குள் பாட ஆரம்பிக்கும்போது மெட்டு நின்றுவிடும், வெறும் தாளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும், விட்ட இடத்தை நாமேதான் பாடி நிரப்பிக்கொள்ள வேண்டும். எத்தனை கெட்டிக்காரத்தனம்.

1967 ஏப்ரல் 20ல் அரங்கேற்றம். பல்ஷோய் ரசிகர்கள் மரியாதைக்குத் தட்டினார்கள், அவ்வளவுதான். கலாசார அமைச்சர் ஃபூர்த்சேவாவுக்கு வந்ததே கோபம், ஸ்பானிய மக்களின் கதாநாயகியைத் தெருப்பெண்ணாக்கிவிட்டீர்கள் என்று. இரண்டு நாள் கழித்து நடக்க வேண்டிய இரண்டாவது காட்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘நட்கிராக்கர்’ போட்டார்கள். ஷெத்ரின் மன்றாடியதில், ஆபாசம் என்று பட்ட இடங்களை வெட்டிவிட்டு மேடைக்குத் திரும்ப விட்டார்கள். அடுத்து கனடா பயணம். அங்கே ‘கார்மென்’ கூடாது என்று அமைச்சர் சொல்ல, அப்படியானால் நானும் வரவில்லை என்று மாயா உட்கார்ந்துவிட்டார். ஒரு காலத்தில் வெளிநாடு போக ஏங்கிய அதே ஆள். பிறகு அந்தக் கார்மெனை முந்நூற்றைம்பது தடவை போல ஆடினார். 1967 என்று எழுதும்போது ஒன்று கண்ணில் படுகிறது, அவருக்கு முதல் ஆர்டர் ஆஃப் லெனின் வந்ததும் அந்த வருஷம்தான். ஒரு கையால் வெட்டுகிறார்கள், இன்னொரு கையால் மாலை போடுகிறார்கள், இரண்டு கைக்கும் ஒன்றையொன்று தெரியாது போல.

அடுத்த இருபது வருஷத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘அன்னா கரேனினா’ (1972), ‘கடல்பறவை’ (1980), ‘நாய்க்குட்டிக்காரச் சீமாட்டி’ (1985), மூன்றுக்கும் இசை ஷெத்ரின், நடனம் அமைத்ததில் மாயாவின் கை. அன்னாவின் உடைகளைத் தைத்தவர் பாரிஸின் பியர் கார்தான். மூன்றாவது பாலே அரங்கேறியது அவருடைய அறுபதாவது பிறந்தநாளில். அறுபது! எனக்கு நாற்பத்தாறில் மாடிப்படி ஏறினால் முட்டி பேசுகிறது.

ஆனால் 1975ஐ மட்டும் தாண்டிப் போக மனசு வரவில்லை. பிரெஞ்சு நடன அமைப்பாளர் மொரிஸ் பெஜார் அமைத்த ‘பொலேரோ’வைப் பார்த்துவிட்டு, எனக்கும் அது வேண்டும் என்று அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஒருவழியாகக் கிடைத்தது, பிரஸ்ஸெல்ஸில், ஐம்பதாவது வயதில், ஒத்திகைக்கு ஒரு வாரம். பெரிய வட்டமான சிவப்பு மேஜை, அதன் மேல் ஒருவர் மட்டும், சுற்றி நாற்பது ஆண்கள், இசையமைப்பாளர் ரவேலின் அந்த ஒரே மெட்டு கால் மணி நேரம் திரும்பத் திரும்ப ஏறிக்கொண்டே போகும். பிரச்சினை என்னவென்றால் மெட்டு மாறாததால் எந்த இடத்தில் எந்த அசைவு என்று பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இல்லை, வாழ்நாள் முழுக்கச் சைக்காவ்ஸ்கிக்கு ஆடிய உடம்பு தடுமாறுகிறது. மாயா ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு செல்லப்பெயர் வைத்துக்கொண்டார், நண்டு, சூரியன், மீன், பூனை, வயிறு, சம்பா என்று. அப்படியும் வரிசை மறந்துபோனது. அப்போது பெஜார் ஒரு வழி செய்தார். காட்சி நடக்கும்போது அரங்கத்தின் கடைசியில், நடைபாதையில், வெள்ளை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நின்றார், அவர் மேல் மட்டும் ஒரு விளக்கு. அடுத்தது பூனையா சூரியனா என்று அங்கிருந்து சைகை காட்டுவார், மேஜை மேலிருந்து மாயா எட்டிப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். லெனின் பரிசு பெற்றவர், மக்கள் கலைஞர், ஐம்பது வயதில் பரீட்சை ஹாலில் பிட் பார்க்கிற பிள்ளை மாதிரி. இதைத் தானே சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார் என்பதுதான் எனக்கு இன்னும் பிடித்தது.

ரோம், மாட்ரிட் என்று நடனக்குழுக்களை நடத்தினார். 1990ல் பல்ஷோயோடு முறிந்துபோனது. பிறகு பெரும்பாலும் முனிக்கில். எழுபது வயதில் ‘ஆவே மாயா’ என்று பெஜார் இவருக்காகவே அமைத்துத் தந்த ஒன்று, கையில் இரண்டு விசிறி, அதிலும் அந்தக் கைகள்தான். 2015 மே 2ம் தேதி முனிக்கில் மாரடைப்பு. எழுதி வைத்திருந்த உயிலில், தன் சாம்பலை வைத்திருந்து, ஷெத்ரின் போன பிறகு அவர் சாம்பலோடு கலந்து ரஷ்யா மேல் தூவ வேண்டும் என்று கேட்டிருந்தார். அவ்வளவு செய்த நாட்டின் மேலேயே. ஷெத்ரின் 2025 ஆகஸ்டில், அதே முனிக்கில் இறந்தார்.

மாஸ்கோவில் பல்ஷாயா திமித்ரோவ்கா தெருவில் இவர் பெயரில் ஒரு சின்னச் சதுக்கம் இருக்கிறது. பக்கத்துக் கட்டடத்தின் சுவரில் பிரேசில் ஓவியர் எடுவார்தோ கோப்ரா வரைந்த பிரம்மாண்டமான படம், அதில் அவர் வெள்ளை அன்னம். 2016ல், அவருடைய பிறந்தநாளில், சதுக்கத்தில் ஒரு வெண்கலச் சிலையும் வைத்தார்கள். ஒரு கை தலைக்கு மேலே, இடுப்பை ஒடித்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி நிற்கிறார். அன்னம் இல்லை, கார்மென்.